வரிசை கட்டும் ஞாயிறு

கார்த்திகை மழை விட்டு, மைதானத்துச் சேறு காலில் ஒட்டாத அளவுக்கு இறுகிவிட்டால் போதும், புதுச்சேரியில் கூடைப்பந்துப் பேச்சு கிளம்பிவிடும். ஆட்டம் என்னவோ பொங்கல் கழிந்துதான். அதற்கு ஒரு மாதம் முன்பாகவே டீக்கடையிலும் சலூனிலும் ஆலை வாசலிலும் எந்தக் கல்லூரி முதலிடம், எது கடைசி என்று வாயாலேயே ஆடி முடித்துவிடுவார்கள். பள்ளி முடிக்கிற ப்ரெவே பரீட்சைக்கு மேல் ஒரு வகுப்பு நடந்தாலும் அந்த ஊரில் அதற்குப் பெயர் கல்லூரிதான். அப்படி ஆறு கல்லூரிகள், ஆறு குழுக்கள். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் காலத்து ஆட்டத்துக்கான சண்டை மட்டும் அப்படியே இருந்தது.

வெறும் வாய்ச்சண்டை என்றும் தள்ளிவிட முடியாது. மார்கழி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் மைதானத்தில் கூடி, எந்தக் குழு எத்தனாவது என்று வரிசை கட்டுவார்கள். முதல் இரண்டு இடத்துக்காரர்கள் நேராக அரையிறுதிக்குப் போகலாம். கோப்பை வரைக்கும் அவர்களுக்கு இரண்டே ஆட்டம். மற்ற நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் மோதி, அதில் தேறுகிற இருவர்தான் மேலே வரலாம். அவர்களுக்கு ஐந்து ஆட்டம், ஐந்தும் அடுத்தடுத்த நாள்.

வரிசை கட்டுவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் தன் குழுவைப் புகழக் கூடாது. முன்பெல்லாம் ஆளாளுக்குத் தன் பையன்களைப் புகழ்ந்து, பேச்சு முற்றி, இரண்டு பேருக்கு மண்டை உடைந்த பிறகு, விசில் ஊதுகிற சாமிக்கண்ணு போட்ட சட்டம் அது. அடுத்தவன் குழுவை எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கிப் பேசலாம். தன் குழுவைப் பற்றிக் குறை மட்டுமே சொல்லலாம். வாய் தவறி ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் ஒரு இடம் கீழே. வீட்டு மனுஷர் பேசினாலும் குழு பேசியதாகத்தான் கணக்கு. போன வருஷம் உப்பளத்துக் கல்லூரிக் காத்தவராயனின் மாமனார், பந்து எந்தப் பக்கம் விழ வேண்டும் என்றுகூடத் தெரியாத மனுஷர், எங்கள் மாப்பிள்ளை எகிறினால் பனைமரம் தோற்கும் என்று சொல்லிவைத்தார். உப்பளம் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கியது. அந்தப் பொங்கலுக்குக் காத்தவராயன் மாமியார் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இந்தக் கதையெல்லாம் முத்தியால்பேட்டைச் சந்து வீட்டில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சிக்குத் தலைகீழ்ப் பாடம். ஆறு குழுவின் பனியனுக்கும் நம்பர் வைத்துத் தைப்பது அவள்தான். பனியன் கொண்டுவருகிறவன் எவனும் கொடுத்துவிட்டுச் சும்மா போக மாட்டான். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, இந்த வருஷம் கடற்கரைக் கல்லூரிதான் என்பான். பின்னால் வந்தவன் அவனை மடக்குவான். அவள் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இந்த வருஷம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முத்தியால்பேட்டைக் கல்லூரி முதல் இரண்டு இடத்துக்குள் வந்துவிட வேண்டும். சாமிக்கு விளக்குப் போடும்போதும், நூல் கோக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் அவள் மனசில் ஓடியது அது ஒன்றுதான்.

முத்தியால்பேட்டைக் குழுவின் உயிர்நாடி அவள் அண்ணன் பலராமன். கூடைக்கடியில் நின்று பந்தைப் பறிக்கிற நெட்டை ஆளை அவர்கள் பிவோ என்பார்கள். அவனைப் போல ஒரு பிவோ அந்த ஊரில் இல்லை என்று எதிர்க்குழுக்காரனே சொல்வான். ஐப்பசி மாசத்தில் ஒருநாள் ஆட்டம் பழகிவிட்டு வந்தவன் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. அம்மா கன்னியம்மாள் ஆலையில் பகல் வேலைக்குப் போயிருந்தாள். அஞ்சலாட்சிதான் அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயசில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றாள். பலராமனைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"நெஞ்சுக்குள்ள ஒரு கதவு சரியா மூட மாட்டேங்குது. அந்தக் காய்ச்சல் பண்ண வேல. நடக்கட்டும், படிக்கட்டும். ஓடக் கூடாது. ஓடினா ஒருநாள் ஓடிகிட்டே இருக்கும்போது நின்னுடும்."

எது நின்றுவிடும் என்று அவள் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பலராமன் பூவரச மரத்தடியில் அவளை நிறுத்தினான். அம்மாவுக்குத் தெரியக் கூடாது, கல்லூரிக்குத் தெரியக் கூடாது என்றான். அவள் அழுதாள். அவன் பேரம் பேசினான். இந்த ஒரு வருஷம் மட்டும். அதுவும் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் இரண்டே ஆட்டம், அதோடு ஷூவைக் கழற்றி வைத்துவிடுவேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னான். ஓடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இரண்டு ஆட்டம் எப்படிச் சரியாகும் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. மூழ்குகிறவளுக்குக் கையில் கிடைத்தது அந்த இரண்டுதான். அதைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தாள். கல்லூரியில் கொடுத்த கான்வாஸ் ஷூவைப் பலராமன் எங்கே போனாலும் போட்டுக்கொண்டு போவான். நடக்கிற நடையில் சட்டென்று குனிந்து நாடாவை முடிச்சுப் போடுவான். முடிச்சு நன்றாகத்தான் இருக்கும். அவிழ்த்துத் திரும்பக் கட்டுவான். முதுகு மட்டும் ஏறி ஏறி இறங்கும். கூட வருகிறவர்கள் பேசிக்கொண்டே நிற்பார்கள்.

வரிசை கட்டுகிற ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை, கடற்கரைக் கல்லூரிப் பனியன்களை மூட்டை கட்டிக்கொண்டு அவளே போனாள். அந்தக் குழுவின் தலைவன் வடிவேல். பெரிய கடைத்தெருப் பக்கம் அவன் அப்பாவுக்குச் சைக்கிள் கடை. லீவு நாளில் அவன்தான் பஞ்சர் ஒட்டுவான். அவன் தூக்கிப் பேசினால் ஊர் கேட்கும், ஏனென்றால் யாரையும் அவ்வளவு சுலபமாகத் தூக்கிப் பேசுகிறவன் இல்லை.

அவளைப் பார்த்ததும் கை துடைத்துக்கொண்டு எழுந்தான். ஆள் அனுப்பியிருந்தால் வந்து எடுத்துக்கொண்டிருப்பேனே என்றான். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"அண்ணே, நாளைக்கு எங்க காலேஜப் பத்தி நீங்க பேசணும். முதல் ரெண்டுக்குள்ள வர மாதிரி."

"பலராமன் அனுப்புச்சானா?"

"அதுக்குத் தெரியாது."

"தெரியாதுதான்." வடிவேல் திரும்ப உட்கார்ந்தான். "வியாழக்கெழம அவனே இங்க வந்தான். எங்களப் பத்தி ஒரு நல்ல வார்த்த சொல்லிடாதடா, நா அஞ்சாவதோ ஆறாவதோ போய் விழணும்னு கெஞ்சிட்டுப் போனான். இன்னிக்கு நீ வந்து மேல தூக்குன்ற. அண்ணனும் தங்கச்சியும் என்னா, என்ன வெச்சு வெளையாடுறீங்களா?"

எதற்காகக் கீழே போக வேண்டுமாம் என்று கேட்டாள். வடிவேல் சொன்னான். மெட்ராஸிலிருந்து ரயில்வே குழுவுக்கு ஆள் பொறுக்க ஒருவர் வருகிறாராம். முதல் நாளிலிருந்தே உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். மேலே இருக்கிறவனுக்கு அவர் எதிரில் இரண்டு நாள்தான், கீழே இருக்கிறவனுக்கு ஐந்து நாள். தெரிந்த கணக்குதானே என்றான்.

அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"என்னா விஷயம், தங்கச்சி? எதையோ முழுங்குற."

"ஒண்ணுமில்லண்ணே. வேண்டிக்கிட்டேன்."

"முதல் ரெண்டுக்குள்ள வரணும்னா? எந்த சாமிம்மா இவ்வளவு துல்லியமா வேண்டுதல் வாங்குது?"

அவளுக்குச் சிரிப்பு வராததைப் பார்த்து அவன் முகம் மாறியது. கொஞ்ச நேரம் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தன் கண்ணில் பட்டதைப் பட்டபடி பேசுவதாகச் சொன்னான். பலராமன் ஆட்டத்தைப் பற்றி உள்ளதைச் சொன்னாலே முத்தியால்பேட்டை முதலிடம்தான். ஆனால் பலராமன் எழுந்து தன் குழுவின் குறைகளை அடுக்க ஆரம்பித்தால் அதை நிறுத்த யாராலும் முடியாது, சட்டமே அவனுக்கு அந்த வாயைத்தான் கொடுத்திருக்கிறது என்றான்.

அன்று சாயங்காலம் அம்மா இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, பலராமன் அடுப்பங்கரையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவள் எதிரில் போய் நின்றாள்.

"ரெண்டு ஆட்டம்னு என் தலமேல கை வெச்சு சொன்ன."

அவன் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. "வடிவேல் சொன்னானா?"

"யார் சொன்னா என்னா. சொன்னியா இல்லியா?"

"ரெண்டு ஆட்டத்துல எவன் கண்ணுல படுவேன், அஞ்சல? அந்த மனுஷன் வருஷம் பூரா ஆட்டம் பாக்கறவரு. அஞ்சு நாளு அவரு முன்னால நிக்கணும். அப்பத்தான் இந்தப் பேரு அவருக்கு ஞாபகம் இருக்கும்."

"அஞ்சு நாளு உயிரோட நிக்கணும்."

"அப்பா ஓடுனாரா?" என்று கேட்டான். குரல் ஏறவே இல்லை. "அப்பா எந்த ஆட்டம் ஆடுனாரு? பஞ்சுத் தூசில நின்ன எடத்துல நின்னுதான போனாரு. அம்மாவும் அங்கதான் போய்க்கினு இருக்குது. ராத்திரி இருமறது உனுக்குக் கேக்கல? எனக்குப் படிப்பு வரல. கை கால் நீட்டமா இருக்கு, எகிறத் தெரியும். கடவுள் குடுத்தது அது ஒண்ணுதான். வேல கெடச்சதும் நிறுத்திடறேன்."

"ஓடறதுக்குத்தான அவன் வேல குடுக்கறான். வேல கெடச்சப்புறம் எப்படி நிறுத்துவ?"

கிண்ணத்தில் கொஞ்சம் கஞ்சி பாக்கி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனும் தன்னைப் போலவே எதையோ பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பிடித்தது இரண்டு, அவன் பிடித்தது ஐந்து.

"நா டாக்டர் சொன்னத வெளிய சொல்லிட்டா?"

"சொல்லு." எழுந்து கை கழுவினான். "அன்னியோட உனக்கு அண்ணன் இல்ல. செத்துட்டான்னு நெனச்சுக்க."

வாசலில் உட்கார்ந்து ஷூவைப் போட்டுக்கொண்டான். நாடா கட்ட வெகுநேரம் ஆயிற்று. இருட்டு கட்டுகிற நேரம். அந்த முதுகு ஏறி இறங்குவதை அவள் கதவோரத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் நல்ல கூட்டம். வடக்குப் பக்கக் கூடையின் பலகையைப் பழுது பார்க்கக் கழற்றி வேப்பமரத்தில் சாய்த்திருந்தார்கள். சாமிக்கண்ணு அதில்தான் சுண்ணாம்புக்கட்டியால் வரிசை எழுதுவார். பிரெஞ்சுக்காரன் போலீசில் சிப்பாயாக இருந்தவர், அறுபது வயசிலும் முதுகு வளையாதவர். ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடும். மீதிப் பனியன்களைக் கொடுக்க வந்தவளைப் போல அஞ்சலாட்சி சுற்றுச்சுவர் ஓரமாக நின்றாள். பொம்பளைப் பிள்ளை நிற்கிறது, வாயை அடக்கிப் பேசுங்கள் என்று சாமிக்கண்ணு முதலிலேயே சொல்லிவைத்தார்.

காத்தவராயனைப் பார்த்ததும், மாமனாரை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு வந்தாயா என்று யாரோ கேட்டார்கள். கட்டவில்லை, சினிமாவுக்கு அனுப்பிவிட்டேன் என்றான். காலை எட்டு மணிக்கு எந்தக் கொட்டகையில் படம் ஓடுகிறது என்று கூட்டம் சிரித்தது. வில்லியனூர் சாலைக் கல்லூரிப் பாவாடை எழுந்து, எங்கள் பயல்கள் பந்து கிடைத்தால் ஒருத்தனுக்கும் கொடுக்க மாட்டார்கள், தானே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று குறை சொன்னான். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"போட்டா தப்பாதுன்ற திமிரு" என்று முடித்தான்.

சாமிக்கண்ணு திரும்பிப் பார்த்தார். "தப்பாதுன்றது குறையா, பாவாடை?"

பாவாடை தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு இடம் கீழே.

அதற்கப்புறம் வடிவேல் எழுந்தான். முத்தியால்பேட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பலராமன் அவனை நிமிர்ந்து பார்த்தான். வடிவேல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. போன தை மாதம் தன் குழுவையே முத்தியால்பேட்டை எப்படி அடித்தது என்பதை ஒரு துளி கூட்டாமல் சொன்னான். பலராமன் கூடைக்கடியில் நின்றால் தன் பையன்கள் பந்தை எறிவதற்கே யோசிக்கிறார்கள் என்றான். ஒருதடவை மூன்று பேர் அவன்மேல் விழுந்தும் அவன் கையில் பந்து பலாப்பழம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது என்றான். கூட்டம் தலையாட்டியது. முதலிடம், முதலிடம் என்று நாலு பக்கமும் குரல் கேட்டது. சாமிக்கண்ணு பலகையின் உச்சியில் சுண்ணாம்புக்கட்டியை வைத்தார்.

அஞ்சலாட்சி ஒரு மாசமாக விடாத மூச்சை அப்போதுதான் விட்டாள்.

"முசே, கொஞ்சம் இருங்க" என்றான் பலராமன்.

எழுந்து நின்று குறைகளைச் சொல்ல ஆரம்பித்தான். இவ்வளவு நன்றாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. பந்து கடத்துகிற மண்ணாங்கட்டி என்ற பையனுக்கு இடது கை வராது, இடப்பக்கம் மடக்கினால் நின்றுவிடுவான். மாற்று ஆள் என்று உட்காருகிறவர்களில் ஒருவன் போன வாரம்தான் பந்தையே தொட்டான். மூன்று பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள், தை அறுப்பு நேரத்தில் அப்பன் கூப்பிட்டால் கதிர் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாம் மெய். சொல்லச் சொல்ல சாமிக்கண்ணின் கை பலகையில் இறங்கிக்கொண்டே வந்தது. மண்ணாங்கட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப மூணாவது" என்றார் சாமிக்கண்ணு. மூன்றாவதில் நின்றால், மேலே இருக்கிறவன் ஒருவன் வாய் தவறினாலே இரண்டாவதாகிவிடும்.

"இன்னும் இருக்கு முசே. தடுத்து ஆடறதுல எங்களுக்கு..." பலராமனுக்கு வார்த்தை பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. கூட்டம் காத்திருந்தது. அவன் குனிந்து ஷூ நாடாவைப் பிடித்தான்.

நாடா இறுக்கமாகத்தான் இருந்தது. சுவரோரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. ஓடவில்லை, எகிறவில்லை, நின்று நாலு வார்த்தை பேசினான், அவ்வளவுதான். இந்த நெஞ்சு நின்றுபோக இரண்டு ஆட்டம் போதும், ஐந்து வேண்டியதில்லை. ஒன்றே போதும். இதை வைத்துக்கொண்டா முதலிடத்துக்கு வேண்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். கையிலிருந்த பனியன் மூட்டையைச் சுவர்மேல் வைத்தாள்.

"இன்னொரு குறை இருக்கு" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். ஒரு பெண் பேசலாமா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

"வீட்டு மனுஷங்க பேசினா குழு பேசின மாதிரி" என்றார் சாமிக்கண்ணு. "குறைதான சொல்லப் போவுது? சொல்லும்மா."

பலராமன் குனிந்தபடியே தலையைத் தூக்கினான். "அஞ்சல, வீட்டுக்குப் போ."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச முடியாது. பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க பிவோவுக்கு நெஞ்சு சரியில்ல. உள்ள ஒரு கதவு மூடலயாம். பெரியாஸ்பத்திரில சொன்னாங்க. ஓடக் கூடாதாம். ஓடினா ஒருநாள் நின்னுடுமாம். டாக்டர் சொன்னப்ப நா பக்கத்துலதான் நின்னேன்."

"பொய்" என்றான் பலராமன். நிமிர்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. "அதுக்கு ஒண்ணும் தெரியாது முசே. நா நல்லா இருக்கேன். இப்பவே ஓடிக் காட்டட்டா? இந்த மைதானத்துல என்னாட்டம் ஓடறவன் எவன் இருக்கான், சொல்லச் சொல்லுங்க."

"புகழ்ந்துட்டான், ஒரு எடம் கீழ" என்று பாவாடை பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்தவன் பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டான்.

யாரும் சிரிக்கவில்லை. சாமிக்கண்ணு சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு பலராமனிடம் நடந்து வந்தார். ஓட வேண்டாம் என்றார். அவன் விலகப் பார்த்தான். அவர் ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவன் நெஞ்சில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வடிவேல் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"எத்தன நாளா இப்படி?" என்று கேட்டார் சாமிக்கண்ணு.

பலராமன் அவர் கையைத் தள்ளப் பார்த்தான்.

"ஏன்டா, உன்ன ஓட விட்டு நான் விசில் ஊதவா?" என்றார் சாமிக்கண்ணு. திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் அப்படி இல்லை. கையை எடுத்தார். நீலச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக வெள்ளையாக ஒரு கை பதிந்திருந்தது.

திரும்பிப் போய் பலகையில் எழுதியதை உள்ளங்கையால் அழித்தார். பலராமன் இல்லாத முத்தியால்பேட்டைக்கு யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்கிறீர்களா என்று கூட்டத்தைக் கேட்டார். வடிவேல் வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். அவன் உள்ளதைத்தான் பேசுவான். ஆறாவது என்று எழுதினார் சாமிக்கண்ணு. பலராமன் கேட்ட இடம்தான்.

"முன்னாலயே சொல்லியிருக்கலாம்" என்றான் மண்ணாங்கட்டி. அண்ணனைப் பார்த்துச் சொன்னானா தங்கையைப் பார்த்துச் சொன்னானா என்று தெரியவில்லை. குழுப் பையன்கள் ஒருவரும் அவளிடம் வந்து பனியனை வாங்கிக்கொள்ளவில்லை. பலராமன் இல்லாத குழுவை ரயில்வே ஆளும் பார்க்க மாட்டார், கோப்பையும் போயிற்று. அவள் மூட்டையைச் சுவர்மேலேயே விட்டுவிட்டாள்.

பலராமன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மைதானத்தை விட்டு வெளியேறினான். அவள் பின்னாலேயே போனாள். அவன் நீள நீளமாக எட்டு வைத்து, கிட்டத்தட்ட ஓட்டமாக நடந்தான். வேண்டுமென்றே நடக்கிறான் என்று தெரிந்தது. மெதுவாகப் போ என்று கத்த வாயெடுத்தாள். கூப்பிட்டால் இன்னும் வேகமாகப் போவான். கூப்பிடாவிட்டால் இப்படியே போவான். அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையில் கூட்டம் நின்றது. யாரோ, என்ன பலராமா, எத்தனாவது இடம் என்று கேட்டார்கள். அவன் காதில் விழவில்லையோ, விழுந்தும் திரும்பவில்லையோ.

முத்தியால்பேட்டைக்குத் திரும்புகிற முக்கில், பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் சுவருக்குப் பக்கத்தில் அவன் நடை தளர்ந்தது. நின்றான். அவளும் பத்தடி தள்ளி நின்றுவிட்டாள். இப்போது குனிவான், நாடாவைப் பிடிப்பான் என்று பார்த்தாள்.

அவன் குனியவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க, வாயால் மூச்சு வாங்கினான். தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"கிட்ட வராத" என்றான். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னான்.

அவள் வைத்த காலை எடுத்துக்கொண்டாள். அவன் மூச்சு சீராக நேரம் பிடித்தது. ஒரு சைக்கிள்காரன் இறங்கி, என்னப்பா ஆச்சு என்று விசாரித்தான். ஒன்றுமில்லை, போங்கள் என்று அவள்தான் சொல்லி அனுப்பினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் சுவரிலிருந்து கையை எடுத்தான். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு மெதுவாக, வயசானவர்கள் நடப்பதுபோல் மெதுவாக, வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினான்.

அவளும் அதே பத்தடியை விட்டுப் பின்னால் நடந்தாள்.